பூச்சி எப்படி மூச்சு விடுகிறது? காற்று காற்றாகவே செல் வரை போகும் வழி

கேட்கப்பட்டவை நான்கு. நுரையீரலும் இல்லை, ரத்தமும் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை என்றால் பூச்சியின் உடம்புக்குள் ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேர்கிறது? உடம்பில் ஓட்டைகள் இருந்தால் தண்ணீர் ஏன் உள்ளே இறங்குவதில்லை, சோப்புத் தண்ணீர் பட்டால் மட்டும் ஏன் சாகிறது? தண்ணீருக்குள்ளேயே வாழும் பூச்சிகள் என்ன செய்கின்றன? பூச்சி ஏன் பூனை அளவுக்கு வளர்வதில்லை?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நம் உடம்பில் ஆக்சிஜன் நுரையீரலோடு காற்று வடிவத்தை விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ரத்தத்தில் ஏறித்தான் பயணம். பூச்சியில் அது காற்றாகவே உள்ளே போய், செல்லின் வாசலில்தான் முதல்முறையாக ஈரத்தைத் தொடுகிறது. அதற்கு உடம்பு முழுக்கக் காற்றுக்குழாய் போட்டு வைத்திருக்கிறது பூச்சி. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் புரிந்துவிட்டால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தானாகவே வரும்.

முதலில் வாசல். பூச்சி வாயாலோ தலையாலோ மூச்சு விடுவதில்லை. கரப்பான் பூச்சிக்கு மார்புப் பகுதியில் 2 ஜோடி, வயிற்றுப் பகுதியில் 8 ஜோடி, ஆக 10 ஜோடி சுவாசத்துளைகள் பக்கவாட்டில் இருக்கின்றன. வெட்டுக்கிளிக்கும் அதே கணக்கு. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளின் புழுவில் 9 ஜோடி: முன்மார்பில் ஒன்று, வயிற்றில் எட்டு. ரோமமில்லாத பெரிய பச்சைப்புழு ஒன்றைப் பக்கவாட்டில் பாருங்கள். உடம்பின் பெரும்பாலான கண்டங்களில் (வளையம் போன்ற பகுதிகளில்) நீள்வட்டமாக ஒரு புள்ளி, விளிம்பு மட்டும் கறுத்தோ சிவந்தோ தெரியும். அழகுக்கு வைத்த பொட்டு போலிருக்கும் அதுதான் சுவாசத்துளை. கைலென்ஸில் பார்த்தால் அது நடுவே பிளவுபட்ட ஒரு சிறு கதவு என்பது புரியும்.

பெரும்பாலான பூச்சிகளில் துளைக்குப் பின்னால் ஒரு சிற்றறை இருக்கிறது. அதில் தூசியைத் தடுக்கும் மயிர்கள், அதற்கடுத்துத் தசையால் மூடும் ஒரு வால்வு. சில துளைகளில் மூடுவதற்கு மட்டும்தான் தசை. அது தளர்ந்தால் கதவு தன் மீள்தன்மையால் திறந்துகொள்ளும். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது இந்தத் தசை தளர்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வால்விலிருந்து கிளம்பும் குழாய்தான் மூச்சுக்குழல். உடலின் நீளவாக்கில் ஓடும் பெரிய குழல்களோடு சேர்ந்து, கிளை பிரிந்து பிரிந்து மெலிகிறது. மேல்தோல் எதனால் ஆனதோ அதே பொருளால்தான் இந்தக் குழலின் உள்வரியும் ஆனது. வெளித்தோல் உள்ளே மடிந்து குழாயாக நீண்டிருக்கிறது என்றே சொல்லலாம். உட்சுவரில் திருகுச்சுருள் போல ஒரு தடிப்பு சுற்றிச் சுற்றிப் போகிறது. இதற்கு டீனிடியா என்று பெயர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் நெளியும் குழாயில் கம்பிச்சுருள் என்ன வேலை செய்கிறதோ அதே வேலை இதற்கும்: வளைந்தாலும் நெரிந்தாலும் குழல் ஒட்டிப்போகாது.

குழல் மெலிந்து 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போகும்போது அதை நுண்மூச்சுக்குழல் என்கிறோம். முனையில் 0.2 மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். நம் தலைமுடியின் குறுக்களவில் இப்படி முந்நூறுக்கு மேல் அடுக்கலாம். பறக்கும் தசையில் இவை தசைநார்களுக்கு இடையில் ஓடுவதோடு நிற்பதில்லை. நாரின் மேற்பரப்பை உள்ளே அழுத்திக்கொண்டு நுழைந்து, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் பக்கத்திலேயே போய் நிற்கின்றன. ஆக்சிஜன் நீரில் கரைந்து கடக்கவேண்டிய தூரம் கடைசி ஓரிரு மைக்ரான் மட்டும்.

அந்தத் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகம் நீரில் பரவுவதைப்போல் சுமார் 10,000 மடங்கு. யாரும் தள்ளாமல், வெறும் பரவலால் 1 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்க நீரில் ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். காற்றில் ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். 1 சென்டிமீட்டருக்கு நீரில் 7 மணி நேரம், காற்றில் இரண்டரை நொடி. ஒரு சிறு புழுவின் உடம்பில் வெளியிலிருந்து எந்தச் செல்லுக்கும் தூரம் சில மில்லிமீட்டர்தான். குழாய்க்குள் காற்று இருக்கும்வரை பம்பே தேவையில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக் 1920-இல் பெரிய அந்துப்பூச்சிப் புழு ஒன்றின் மூச்சுக்குழல்களை அளந்து, இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: குழலின் இரு முனைகளுக்கும் இடையே ஆக்சிஜன் அளவில் சிறு வித்தியாசம் இருந்தாலே போதும், பரவலே புழுவின் தேவையை நிறைவேற்றிவிடும்.

நுண்குழலின் முனையில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓய்வில் இருக்கும் தசையில் நுண்குழலின் கடைசிப் பகுதி நீர்மத்தால் நிரம்பியிருக்கும். தசை உழைக்கத் தொடங்கியதும் அந்த நீர்மம் பின்வாங்கி, அதன் இடத்தில் காற்று முன்னேறுகிறது. இதைக் கண்டு விளக்கியவர் பிரிட்டிஷ் பூச்சியியலாளர் விக்கிள்ஸ்வர்த், 1930-இல். அவர் சொன்ன காரணம்: உழைக்கும் திசுவில் சிறு மூலக்கூறுகள் குவிகின்றன, சவ்வூடுபரவல் அழுத்தம் கூடுகிறது, அது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எந்த இடத்தில் ஆக்சிஜன் அதிகம் வேண்டுமோ அந்த இடத்திலேயே, யாரும் கட்டளையிடாமல், காற்று இன்னும் நெருங்கி வருகிறது.

ஆனால் "பூச்சிகள் வெறும் பரவலால்தான் சுவாசிக்கின்றன" என்று பாடப்புத்தக வரியாகச் சொல்லி முடித்துவிடுவது தவறு. பெரிய பூச்சியும், பறக்கும் பூச்சியும் காற்றைத் தள்ளியாகவேண்டும். வெட்டுக்கிளி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அதன் வயிற்றைக் கவனியுங்கள். மேலும் கீழும் சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். தசை வயிற்றை அமுக்கும்போது காற்று வெளியேறும், தளரும்போது உள்ளே வரும். இதில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. முன்பக்கத் துளைகள் திறக்கும்போது பின்பக்கத் துளைகள் மூடியிருக்கும், பிறகு மாறும். அதனால் காற்று மார்புப்பக்கம் நுழைந்து வயிற்றுப்பக்கம் வெளியேறும் ஒருவழிப்பாதையாகிறது. நம் நுரையீரலில் வந்த வழியே திரும்பும் காற்றைவிட ஒருவிதத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. தேனீ, ஈ, வெட்டுக்கிளி போன்றவற்றில் குழல்கள் இடையிடையே பலூன்போல் உப்பி, சுருள்தடிப்பு இல்லாத காற்றுப்பைகளாக இருக்கின்றன. அமுக்கினால் ஒடுங்கி, விட்டால் விரியும் துருத்திகள் இவை. பறந்துவந்து உட்கார்ந்த தேனீயின் வயிறு தொலைநோக்கிக்குழாய் போல நீண்டு சுருங்குவது கண்ணுக்கே தெரியும். சத்தமும் போடலாம்: மடகாஸ்கரின் சீறும் கரப்பான், வயிற்றுப் பகுதியின் ஒரு ஜோடிச் சுவாசத்துளை வழியே காற்றை வேகமாகத் தள்ளித்தான் சீறுகிறது. 2003-இல் வலுவான எக்ஸ்ரே கதிரை வைத்து உயிருள்ள வண்டு, எறும்பு, சிள்வண்டுகளைப் படமெடுத்தபோது, தலையிலும் மார்பிலும் உள்ள குழல்களே ஒரு நொடிக்குள் நெரிந்து விரிவது தெரிந்தது. அசையாமல் நிற்கும் வண்டுகூட உள்ளுக்குள் காற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறது. பறக்கும் தசை பூச்சிகளில் முழுக்க முழுக்க ஆக்சிஜனைக் கொண்டே இயங்குகிறது என்றால் அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

ரத்தத்துக்கு என்னதான் வேலை? உணவு, ஹார்மோன், கழிவு, நோய் எதிர்ப்பு எல்லாம் அதன் பொறுப்பு. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை இல்லாததால் சிவப்பு நிறமியும் தேவையில்லை. நசுங்கிய பூச்சியிலிருந்து வருவது நிறமற்றோ, மஞ்சளாகவோ, பச்சையாகவோ இருப்பது இதனால்தான். (கொசு, மூட்டைப்பூச்சியை நசுக்கினால் தெரியும் சிவப்பு அவை குடித்த ரத்தம்.) கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் மட்டும் ரத்தம் சற்று உதவுகிறது. அது நீரில் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 25 மடங்குக்கு மேல் கரையும், பைகார்பனேட்டாகவும் தங்கும். ஆகவே அதில் ஒரு பங்கு திசுக்களிலும் ரத்தத்திலும் தேங்கி, மெல்ல வெளியேறுகிறது.

இப்போது பலவீனத்துக்கு வருவோம். ஆக்சிஜன் நுழையும் கதவு திறந்திருந்தால், அதே கதவு வழியே நீராவி வெளியே ஓடும். உள்ளே ஈரமான திசு, வெளியே வறண்ட காற்று. சிறிய உடம்புக்கு மேற்பரப்பு அதிகம், கைவசம் உள்ள நீரோ சொட்டளவு. மேல்தோலை மெழுகு பூசிக் காப்பாற்றிவிடலாம். துளைகளை மெழுகு பூசி அடைக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் பூச்சியை வைத்தால் துளைகள் மூடாமல் திறந்தே கிடக்கும், பூச்சி வேகமாக நீரிழந்து வற்றும். கதவை மூடிவைப்பது உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தச் சிக்கலைப் பல பூச்சிகள் வியக்கத்தக்க முறையில் கையாளுகின்றன. பெரிய பட்டுப்பூச்சி இனம் ஒன்றின் கூட்டுப்புழுவில் 1950-களில் அமெரிக்க ஆய்வாளர் ஷ்னைடர்மேன் விரிவாக ஆராய்ந்தது இது. முதலில் எல்லாத் துளைகளும் இறுக மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஆக்சிஜன் வெளிக்காற்றின் 21 சதவீதத்திலிருந்து 4, 5 சதவீதம்வரை இறங்கும். அடுத்து, துளைகள் நுணுக்கமாகத் துடிக்கும். ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். இந்த நேரத்தில் குழலுக்குள் அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால் காற்று உள்நோக்கியே இழுக்கப்படும், நீராவி வெளியேறுவது குறையும். கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதத்தை நெருங்கியதும் கதவுகள் அகலத் திறந்து, தேங்கியது மொத்தமும் வெளியேறும். ஓய்விலுள்ள கூட்டுப்புழுவில் இப்படித் திறப்பது பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான். நீரைச் சேமிக்கத்தான் இது என்பது பழைய விளக்கம். மண்ணுக்கடியில், காற்றோட்டம் குறைந்த இடத்தில் வாழ ஏற்பட்ட பழக்கம் என்பது இன்னொன்று. ஓய்விலிருக்கும் உடம்புக்கு ஆக்சிஜன் மிகுந்தால் அதுவே தீங்கு, அதைத் தவிர்க்கத்தான் மூடுகிறது என்பது 2005-க்குப் பின் வலுப்பெற்ற கருத்து. எல்லாப் பூச்சிக்கும் ஒரே விளக்கம் பொருந்தும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இனி சோப்பு. துளையின் விளிம்பும் மயிர்களும் மெழுகுத்தன்மை கொண்டவை. தண்ணீர் அங்கே ஒட்டாது. நீரின் பரப்பு இழுவிசை பெரிது, துளையோ சிறிது. நீர்த்துளி வாசலிலேயே முத்தாக நின்றுவிடும். அதனால்தான் மழையில் நனைந்த பூச்சி உதறிக்கொண்டு போய்விடுகிறது, மூழ்கி மயங்கிய கரப்பானும் எடுத்துப்போட்டால் சற்று நேரத்தில் எழுந்து ஓடுகிறது. சோப்பு அந்த இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது. நீர் மெழுகின் மேல் படர்ந்து, துளைக்குள் இறங்கி, குழலை அடைக்கிறது. கூடவே மேல்தோலின் மெழுகையும் செல்சவ்வையும் கெடுக்கிறது. குழலில் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன 10,000 மடங்குக் கணக்கைப் பாருங்கள்.

செடியில் அசுவினி, மாவுப்பூச்சிக்குத் தெளிப்பதானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி திரவச் சோப்பு போதும். பொட்டாசியம் சோப்பு நல்லது, துணி துவைக்கும் டிடர்ஜென்ட் இலையைக் கருக்கும். பலன் கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. தண்ணீர் கடினநீர்: கால்சியம் சோப்பைத் திரித்துவிடும், வாளியில் வெள்ளைத் திரை படிந்தால் கலவை வீண். இலையின் மேற்புறம் மட்டும் தெளித்தது: பூச்சி இருப்பது அடிப்புறத்தில். உச்சி வெயிலில் தெளித்தது: பூச்சியை நனைத்து முடிக்கும் முன்னே காய்ந்துவிடும், காய்ந்த சோப்புக்குக் கொல்லும் சக்தி கிடையாது, இலையும் வாடும். கடினமான வண்டுகளுக்கு இது அநேகமாகப் பலிக்காது, வால்வை மூடிக்கொள்ளும். முட்டைகள் தப்பிவிடுவதால் 5 முதல் 7 நாளில் மறுபடி தெளிக்கவேண்டும். முதலில் இரண்டு மூன்று இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது பாதுகாப்பு.

எண்ணெயின் வேலை இன்னும் பழைய அறிவு. இத்தாலியின் மால்பிகி 1669-இல் பட்டுப்புழுவின் மூச்சுக்குழல்களை விவரித்தபோதே, துளைகளில் எண்ணெய் பூசினால் புழு இறப்பதைக் கண்டுவிட்டார். தானியக் கிடங்கில் இதே அறிவு வேறு வடிவம் எடுக்கிறது. காற்றுப்புகாத பைக்குள் ஆக்சிஜன் 3 சதவீதத்துக்குக் கீழே போனால் பூச்சிகள் சாகும். ஆனால் உடனே அல்ல. மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த உயிர்கள் இவை, கூட்டுப்புழு குறிப்பாக. அதனால் நாள்கணக்கில், குளிரான இடத்தில் வாரக்கணக்கில் மூடிவைக்க வேண்டும். பையில் ஊசித்துளை இருந்தாலே முயற்சி பாழ். நச்சுப்புகை போடும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடையும் சேர்ப்பது எதற்கு என்று இப்போது ஊகித்திருப்பீர்கள்: அது வால்வுத் தசையைத் தளர்த்தி, கதவைத் திறந்தே வைத்துவிடும்.

தண்ணீரில் வாழும் பூச்சிகள் நான்கைந்து வழிகளைக் கண்டிருக்கின்றன. கியூலெக்ஸ் கொசுப்புழு வால்நுனிக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி, தலைகீழாகத் தொங்குகிறது. அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப்படலம் பரவினால் இரண்டுமே பிடி இழக்கும். தட்டான் இளம்பூச்சிக்கு மலக்குடலுக்குள் செவுள். நீரை இழுத்துவிடுவது மூச்சுக்கும் ஆகிறது, பீய்ச்சினால் முன்னே பாய்வதற்கும் ஆகிறது. ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கு வாலில் மூன்று இலைச்செவுள்கள். சேற்றில் வாழும் சிவந்த கைரோனோமஸ் புழு, பூச்சிகளில் அரிதாக, ரத்தத்தில் ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட நுட்பமானது குமிழி. நீர்வண்டு இறக்கை உறைக்கடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய, சுற்றியுள்ள நீரில் கரைந்த ஆக்சிஜன் குமிழிக்குள் வருகிறது. குமிழி சுருங்காமல் காப்பது நைட்ரஜன். அது மெதுவாகத்தான் கரைந்து வெளியேறும். டேனிஷ் ஆய்வாளர் எகெ 1915-இல் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. ஆக்சிஜன் நிறைந்த நீரில் வெறும் ஆக்சிஜன் குமிழியோடு மூழ்கிய நீர்ப்பூச்சி அரைமணி நேரம் போலத்தான் தாங்கியது. சாதாரணக் காற்றுக் குமிழியோடு பல மணி நேரம் தாங்கியது. ஆக்சிஜன் குறைவாக உள்ள குமிழிதான் அதிக நேரம் உயிர் காத்தது! நைட்ரஜன் இல்லாத குமிழி செவுளாகவே வேலை செய்யாது. அஃபெலோகைரஸ் என்ற ஆற்றடிப் பூச்சி இன்னும் ஒருபடி மேலே: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட, நுனி வளைந்த மயிர்கள் மெல்லிய காற்றுப்படலத்தைச் சுருங்கவிடாமல் பிடித்திருக்கின்றன. அது மேலே வரவேண்டிய அவசியமே இல்லை. நீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை போதும்.

கடைசிக் கேள்வி, அளவு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மெகநியூரா என்ற தட்டான் உறவினத்தின் இறக்கை விரிப்பு 65 சென்டிமீட்டருக்கு மேல். அப்போது காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட மிகுதி, 30 சதவீதம் அளவுக்கு. உடம்பு பெரிதாகும்போது குழல்கள் அதே விகிதத்தில் வளர்ந்தால் போதாது, அதைவிட வேகமாக வளரவேண்டும். 2007-இல் வெவ்வேறு அளவுள்ள நான்கு வண்டினங்களை எக்ஸ்ரேயில் அளந்தபோது நெருக்கடி எங்கே என்று தெரிந்தது: கால் உடம்போடு சேரும் குறுகிய மூட்டு. தசை, நரம்பு, ரத்தம் எல்லாம் அந்த வாசல் வழியேதான் போகவேண்டும். அதில் மூச்சுக்குழல் மேலும் மேலும் இடம் கேட்கிறது. ஆக்சிஜன் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் பறவைகள் வந்தபின், ஆக்சிஜன் கூடியபோதும் பூச்சியின் இறக்கை அளவு கூடவில்லை. தோலுரிப்பும் ஒரு சுமை: சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழலின் உள்வரியும் துளை வழியே உருவப்பட்டு வெளியே வருகிறது. மரத்தில் ஒட்டிக்கிடக்கும் சில்வண்டின் வெற்றுச்சட்டைக்குள் வெள்ளை நூல்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை நூலல்ல, பழைய மூச்சுக்குழலின் உறை.

நேரில் பார்க்க விரும்பினால் எளிய வழி கொசுப்புழு. ஒரு சொட்டு நீரோடு ஸ்லைடில் வைத்துக் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். உடம்பின் நீளத்துக்கு இரண்டு கரிய தண்டுகள் ஓடி வால்குழாயில் முடியும். சுருளைப் பார்க்க, உறைபெட்டியில் வைத்துக் கொன்ற புதிய கரப்பான் வேண்டும். மெழுகுத்தட்டில் முதுகு மேலிருக்கக் குத்தி, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, வயிற்றின் பக்க ஓரமாகக் கத்தரித்து முதுகுத்தகடுகளைத் தூக்குங்கள். குடலைச் சுற்றி வெள்ளி இழைகளாக மின்னுபவைதான் மூச்சுக்குழல்கள். மின்னுவது உள்ளிருக்கும் காற்று. சிறு துணுக்கை எடுத்து ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, மூடுகண்ணாடியை அழுத்தாமல் இறக்கி 400 மடங்கில் பாருங்கள். முதலில் குழல் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தால் பொறுங்கள், அது காற்று. கிளிசரின் உள்ளே ஏற ஏறப் பெரிய குழல்களில் திருகுச்சுருள் தெளியும்; அதே சமயம் மெல்லிய கிளைகள் கண்ணிலிருந்து மறையும். ஆகவே நுண்கிளைகளை முதல் சில நிமிடங்களிலேயே பார்த்துவிட வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறிய பழைய பூச்சியில் வெள்ளி இழைகளைத் தேடிப் பயனில்லை. அதன் குழல்களிலிருந்து காற்று என்றோ போய்விட்டிருக்கும்.